காம்ஏர் ஏன் மூடப்பட்டது, சங்கங்களால் ஏன் காப்பாற்ற முடியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைத் தளமாகக் கொண்டு 35 ஆண்டுகள் பறந்த வட்டார விமான நிறுவனம் காம்ஏர். 2012 செப்டம்பர் 29 அன்று அது தன் சேவையை நிறுத்தியது. அப்போது மிச்சமிருந்த சுமார் 1,700 பேருக்கும் வேலை போனது. தொழிற்சங்கங்கள் பேராசைப்பட்டதால்தான் மூடினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தாய் நிறுவனமான டெல்டா ஏர்லைன்ஸ் கைகழுவிவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே பாதிக் கதை. இந்த விஷயத்தைப் படிக்க வருபவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன்.

வட்டார விமான நிறுவனம் என்றால் என்ன? சின்ன ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனமா?

சின்ன ஊர்களுக்குப் பறப்பது உண்மைதான். ஆனால் அதன் சாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பயணி வாங்கும் டிக்கெட்டில் டெல்டா என்று இருக்கும். விமானத்தின் வாலில் டெல்டாவின் சின்னம் இருக்கும். உள்ளே இருக்கும் விமானியும் பணிப்பெண்ணும் மட்டும் வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள்.

நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிவரும் ஒப்பந்த வேனை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை இருக்கும். வண்டியும் ஓட்டுநரும் வேறொருவருடையவை. எந்தத் தடத்தில் எத்தனை நடை என்பதைத் தொழிற்சாலை சொல்லும், நடைக்கு இவ்வளவு என்று பணம் தரும். வட்டார விமானத்திலும் பெரும்பாலும் இதே கணக்குதான். டிக்கெட்டை விற்பதும் விலை வைப்பதும் பெரிய நிறுவனம். பறந்த பறப்புக்குக் கூலி வாங்கிக்கொள்வது சின்ன நிறுவனம். தன் வருமானத்தைத் தானே கூட்ட அதற்கு வழியே இல்லை. செலவைக் குறைப்பது ஒன்றுதான் அதன் கையில் இருக்கிறது. விமானங்களின் விலையும் எரிபொருளின் விலையும் அது தீர்மானிப்பவை அல்ல என்பதால், குறைக்கக்கூடிய செலவு என்று கடைசியில் மிஞ்சுவது ஆள்கூலி.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

காம்ஏர் தொடக்கத்திலிருந்தே டெல்டாவுடையதா?

இல்லை. 1977-இல் ரேமண்ட் முல்லர், டேவிட் முல்லர் என்ற தந்தையும் மகனும் சிறு பைப்பர் விமானங்களை வைத்துத் தொடங்கிய குடும்பத் தொழில் அது. 1984-இல் டெல்டாவின் கூட்டாளியானது. 1993-இல் ஐம்பது பேர் அமரும் பம்பார்டியர் சிஆர்ஜே ஜெட் விமானத்தை வட அமெரிக்காவிலேயே முதலில் இயக்கியது காம்ஏர்தான். விசிறி விமானத்தில் குலுங்கிக்கொண்டு போன ஊர்களுக்கு ஜெட் வந்ததும் பயணிகள் குவிந்தார்கள், நல்ல லாபம் வந்தது. அந்த லாபத்தைப் பார்த்துத்தான் 1999-இல் டெல்டா அதை முழுமையாக விலைபேசியது. 2000-இன் தொடக்கத்தில் கைமாறியது.

சின்சினாட்டி விமான நிலையம் உண்மையில் ஒஹையோவில் இல்லை, ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 1994-இல் காம்ஏருக்கென்றே 53 வாயில்கள் கொண்ட தனி முனையம் கட்டினார்கள். மற்ற முனையங்களிலிருந்து அங்கே நடந்து போக முடியாது. பஸ்ஸில் ஏறித்தான் போக வேண்டும். இறங்கியதும் தரையில் நடந்து, விமானத்தின் படிகளில் ஏற வேண்டும். பெரிய நிறுவனத்துக்கும் சின்ன நிறுவனத்துக்கும் உள்ள உறவை அந்த பஸ் பயணம் போலச் சுருக்கமாகச் சொன்னது வேறெதுவும் இல்லை.

2022-இல் மூடப்பட்ட தென்னாப்பிரிக்க காம்ஏரும் இதுவும் ஒன்றா?

அல்ல. பெயர் மட்டுமே ஒன்று.

ஒரே நிறுவனத்தில் ஏன் பல சங்கங்கள்?

அமெரிக்காவில் விமானத் துறைச் சங்கங்கள் தொழில்வாரியாக அமைகின்றன. காம்ஏரில் விமானிகளுக்கு ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷன், விமானப் பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் டீம்ஸ்டர்ஸ், மெக்கானிக்குகளுக்கு மெஷினிஸ்ட்ஸ் சங்கம். மூன்று சங்கங்களுக்கும் மூன்று ஒப்பந்தங்கள், மூன்று தேதிகள். நிர்வாகம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசும். ஒருவர் விட்டுக்கொடுத்ததை அடுத்தவர் முன்னால் எடுத்து வைக்கும். சம்பளப் பேச்சில் இது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விமான ஊழியர்களுக்கு ரயில்வே சட்டம் பொருந்தும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1926-இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டினார்கள். ரயில் நின்றால் நாடு நின்றுவிடும் என்ற பயத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அதனால் அதில் வேலைநிறுத்தத்துக்குப் போகும் பாதை நீளமானது. கூட்டு ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறித்த தேதிக்குப் பிறகு திருத்தலாம் என்று மட்டுமே ஆகும், பேச்சு முடியும்வரை பழைய சம்பளமே ஓடும். பிறகு தேசிய சமரச வாரியம் நடுவில் அமரும். இனிமேல் பேசிப் பயனில்லை என்று வாரியம் விடுவிக்கும்வரை ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விடுவித்த பிறகும் 30 நாள் ஆறப்போடும் காலம் உண்டு. அதற்கும் பிறகு அதிபர் நினைத்தால் அவசர வாரியம் ஒன்றை அமைத்து மேலும் தள்ளிப்போடலாம்.

2001 மார்ச்சில் நார்த்வெஸ்ட் என்ற பெரிய விமான நிறுவனத்தின் மெக்கானிக்குகள் விஷயத்தில் அதிபர் புஷ் அப்படித்தான் குறுக்கிட்டார். அதே மாதம் காம்ஏர் விமானிகள் வெளியேறியபோது அத்தகைய வாரியம் எதுவும் வரவில்லை. வட்டார விமானம் நின்றால் நாடு நின்றுவிடாது என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

அந்த 2001 வேலைநிறுத்தத்தில் யார் வென்றார்கள்?

மார்ச் 26 அன்று சுமார் 1,350 விமானிகள் வெளியே வந்தார்கள். ஒரு நாளைக்கு 800-க்கும் மேற்பட்ட பறப்புகள் நடத்திய நிறுவனம் அன்றே முழுவதுமாக நின்றுபோனது. 89 நாட்கள் ஒரு விமானம்கூட எழவில்லை. அன்று வட்டார நிறுவனங்களில் புதிதாகச் சேரும் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 20,000 டாலருக்கும் கீழே. ஜெட் ஓட்டுகிறோம், பயணியிடம் டெல்டாவின் கட்டணம் வாங்குகிறார்கள், சம்பளம் மட்டும் ஏன் இப்படி என்பதுதான் விமானிகளின் கேள்வி. ஜூன் 22 அன்று உடன்பாடு முடிந்தது. வட்டார விமானிகளிடையே அன்றைக்கு அது முன்னணி ஒப்பந்தம்.

சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் விமானிகள் வென்றார்கள். ஆனால் அந்த 89 நாட்களில் டெல்டாவும் ஒரு பாடம் படித்துக்கொண்டது. ஒரே வட்டார நிறுவனத்தின் மீது பாரத்தைப் போட்டால் அது நிற்கும்போது நாமும் நொண்ட வேண்டும் என்பதுதான் அது. அதன் பிறகு டெல்டாவின் வட்டாரப் பறப்புகள் பல நிறுவனங்களுக்குப் பிரிந்து போயின. அவற்றில் ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் விமானிகளுக்கு வெளியார் சங்கமே கிடையாது. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விமானிகள் அமைப்பு மட்டும் உண்டு. 2005-இல் தன்னுடைய இன்னொரு வட்டார நிறுவனமான ஏஎஸ்ஏவை டெல்டா விற்றதும் அதே ஸ்கைவெஸ்ட்டின் தாய் நிறுவனத்துக்குத்தான்.

வேலைநிறுத்தம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 11 வந்துவிட்டது.

பணிமூப்பு எண் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

விமானியின் சொத்து அந்த எண்தான் என்று சொன்னாலும் மிகையில்லை. சேர்ந்த தேதியின்படி ஒவ்வொருவருக்கும் வரிசையில் ஓர் இடம். எந்த ஊரில் தங்கி வேலை பார்ப்பது, எந்த விமானம் ஓட்டுவது, எப்போது கேப்டன் ஆவது, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பதா அல்லது விடுதி அறையில் இருப்பதா என எல்லாவற்றையும் இந்த எண் தீர்மானிக்கிறது. மாதந்தோறும் அடுத்த மாதத்துப் பறப்புப் பட்டியல் வரும். மூத்தவர் முதலில் எடுப்பார், மிச்சம் கீழே இறங்கும். ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்து வெட்டுவார்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்த எண் ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். வாசலைத் தாண்டினால் செல்லாக் காசு. இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் நிறுவனம் மூடி அடுத்த இடத்துக்குப் போனால், முதல் ஆண்டுச் சம்பளத்தில், நேற்றுச் சேர்ந்தவருக்கும் அடுத்த எண்ணில், துணை விமானியாகத் தொடங்க வேண்டும். ஆசிரியரோ தாதியோ வேறு ஊருக்குப் போனால் அனுபவத்துக்கு ஏதாவது மதிப்பு கிடைக்கும். இங்கே கிடைக்காது. அதனால் சம்பளத்தைக் குறைக்கிறோம், சம்மதமா அல்லது மூடவா என்று நிர்வாகம் கேட்கும்போது மூத்தவர் ஒருவிதமாகவும் இளையவர் வேறு விதமாகவும் வாக்களிப்பார்கள். இளையவருக்கு விலகிப் போவதில் பெரிய நட்டமில்லை. மூத்தவருக்கு எல்லாமே நட்டம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மூத்தவர் நிறைந்த நிறுவனம் விலை கூடிய நிறுவனம். ஒரே சம்பளப் பட்டியல் என்றாலும் பன்னிரண்டாம் ஆண்டுப் படியில் நிற்பவருக்கும் இரண்டாம் ஆண்டுப் படியில் நிற்பவருக்கும் பெரிய இடைவெளி உண்டு. வட்டார நிறுவனம் மலிவாக இருக்க வேண்டுமானால் மூத்தவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கீழே புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2001-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்தின. 2007 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயதை 60-இலிருந்து 65 ஆக உயர்த்தினார்கள், மேலே இடம் காலியாவது மேலும் ஐந்தாண்டு தள்ளிப்போனது. காம்ஏர் விமானிகள் இருந்த இடத்திலேயே மூத்தார்கள். அவர்களின் பணிமூப்பு கூடக் கூட நிறுவனத்தின் செலவும் கூடியது. யாரும் பேராசைப்படாமலேயே, வெறும் நாட்காட்டி புரண்டதாலேயே வந்த செலவு இது. மூடும்போது டெல்டா சொன்ன காரணங்களில் அதிகச் செலவும் ஒன்று.

தங்கள் சங்கத்தின் மீதே விமானிகள் வழக்குப் போட்டார்களாமே?

ஆம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பாகத் தெரியும் பகுதி இது. டெல்டா விமானிகளும் காம்ஏர் விமானிகளும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். டெல்டா விமானிகளின் ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு விதி உண்டு: இத்தனை இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தை வெளியே கொடுக்கக் கூடாது, சிறு ஜெட்கள் இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது. தங்கள் வேலை மலிவான கைகளுக்குப் போகாமல் காக்க அவர்கள் கட்டிய வேலி அது. அதே வேலி காம்ஏர் விமானி வளர முடியாதபடி தடுக்கும் சுவராகவும் இருந்தது.

டெல்டா வாங்கியதும் காம்ஏர், ஏஎஸ்ஏ விமானிகள், தங்கள் பணிமூப்புப் பட்டியலையும் டெல்டா விமானிகளுடையதையும் ஒன்றாக்குங்கள் என்று கேட்டார்கள். சங்கம் மறுத்தது. டெல்டா விமானிகளுக்குத் தங்கள் எண்ணை யாருடனும் பங்குபோட விருப்பமில்லை. அவர்களைக் குறை சொல்வதும் எளிதல்ல. 2001-இல் வட்டார விமானிகள் சிலர், எங்கள் சந்தாவையும் வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதிராகவே பேரம் பேசுகிறீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. பட்டியல் கடைசிவரை ஒன்றாகவில்லை. ஒன்றாகியிருந்தால் 2012-இல் காம்ஏரை மூடியிருக்கலாம், ஆனால் அதன் விமானிகளைத் தெருவில் விட்டிருக்க முடியாது.

2005 திவாலில் என்ன நடந்தது?

2005 செப்டம்பர் 14 அன்று டெல்டா திவால் பாதுகாப்பு கேட்டது, காம்ஏரையும் சேர்த்தே. அமெரிக்கத் திவால் சட்டத்தில் 1113 என்று ஒரு பிரிவு உண்டு, 1984-இல் சேர்த்தது. சங்கத்துடன் நல்லெண்ணத்தோடு பேசிப் பார்த்தும் பலனில்லை என்று நீதிபதியை நம்பவைத்தால், கூட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்ய நிறுவனத்துக்கு அனுமதி கிடைக்கும்.

காம்ஏர் விமானிகள் முதலில் ஒரு குறைப்புக்கு ஒத்துக்கொண்டார்கள், மற்ற சங்கங்களும் தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் என்ற நிபந்தனையுடன். பணிப்பெண்களிடம் நிறுவனம் கேட்டது ஆண்டுக்கு 89 லட்சம் டாலர். அவர்கள் முடியாது என்றார்கள். ஏற்கெனவே குறைந்த சம்பளம் வாங்குபவரிடம் போய்க் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? 2006 ஏப்ரலில் நீதிபதி, நிறுவனம் ஒழுங்காகப் பேசவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார். பேரத்துக்கு இடம் வைக்காமல் ஒரே தொகையைப் பிடித்துக்கொண்டிருந்தது நிறுவனம். ஜூலையில் மறுபடி வந்தபோது அனுமதி கொடுத்தார். அதற்குள் முதல் நிபந்தனை குலைந்து, விமானிகளிடமும் புதிதாகப் பேச்சு தொடங்கியது. டிசம்பரில் அவர்களது ஒப்பந்தத்துக்கும் அதே கதி. நீதிமன்றம் வாளை ஓங்கி வைத்திருக்க, 2007-இல் விமானிகள் குறைப்புக்கு உடன்பட்டார்கள்.

இதற்கு நடுவில்தான், 2006 ஆகஸ்ட் 27 அதிகாலையில், லெக்சிங்டன் நகரில் காம்ஏர் 5191 தவறான ஓடுபாதையிலிருந்து எழ முயன்று விழுந்தது. 49 பேர் இறந்தார்கள், துணை விமானி ஒருவர் மட்டும் பிழைத்தார். அடுத்த சில வாரங்களில் அதே ஊழியர்கள் சம்பளக் குறைப்பு மேசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

சம்பளத்தையும் விட்டுக்கொடுத்த பிறகு ஏன் மூடினார்கள்?

எரிபொருள் விலை ஏறியபோது ஐம்பது இருக்கை ஜெட் கட்டுப்படியாகாத வண்டியாகிவிட்டது. இரண்டு எஞ்சின், இரண்டு விமானி, ஐம்பதே டிக்கெட். 1993-இல் காம்ஏரை உயர்த்திய அதே விமானம்தான் இப்போது கழுத்தில் கல். 2008-இல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தன, நார்த்வெஸ்ட்டின் தளமான டெட்ராய்ட் கைக்கு வந்ததும் பக்கத்திலிருந்த சின்சினாட்டி தளம் தேவைக்கு மிஞ்சியதாயிற்று. 2010-இல், இருந்த 97 விமானங்களை 44 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

2012 கோடையில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. டெல்டா விமானிகள் புதிய ஒப்பந்தம் ஒன்றை ஏற்றார்கள்: 76 இருக்கை விமானங்களைக் கூடுதலாக வெளியே கொடுக்கலாம், பதிலுக்கு ஐம்பது இருக்கை விமானங்களை 125 ஆகக் குறைத்துவிட வேண்டும். சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்திடமிருந்து 88 போயிங் 717 விமானங்கள் டெல்டாவுக்கே, டெல்டா விமானிகளுக்கே வருவது உறுதியானது. அவர்கள் வேலி வலுப்பட்டது. ஜூலை 27 அன்று காம்ஏரை மூடும் அறிவிப்பு வந்தது. டெல்டாவின் மொத்தப் பறப்புத் திறனில் காம்ஏரின் பங்கு அப்போது சுமார் ஒரு சதவீதம்.

அப்படியானால் சங்கம்தான் காரணம் என்பது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். 2001 ஒப்பந்தம் செலவை உயர்த்தியது, டெல்டாவை எச்சரிக்கை கொள்ளவும் வைத்தது. ஆனால் சங்கம் விட்டுக்கொடுத்த இடங்களிலும் வேலை நிலைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காம்ஏர் ஊழியர்கள் 2007-க்குள் விட்டுக்கொடுத்தது மூடலைத் தள்ளிப்போட்டதா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

சங்கம் எதிரே அமர்ந்து பேசிய நிர்வாகத்திடம் கல்லாப்பெட்டியின் சாவி இல்லை என்பதுதான் என் பார்வையில் அடிப்படைக் கோளாறு. சாவி அட்லாண்டாவில், டெல்டாவின் தலைமையகத்தில் இருந்தது. காம்ஏர் நிர்வாகி மேசைக்கு வந்து, இந்த விலைக்குப் பறக்காவிட்டால் விமானங்கள் வேறொருவருக்குப் போகும் என்று சொல்வார். அது மிரட்டலும்தான், உண்மையும்தான். அடுத்த நிறுவனத்திலும் இதே வசனம் நடக்கும். 2013-இல், அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான பிஎஸ்ஏவின் விமானிகள் சம்பளத்தை உயர்த்தாமல் நிறுத்திவைக்க ஒத்துக்கொண்டு 30 புதிய ஜெட்களைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு அதே அமெரிக்கனின் இன்னொரு துணை நிறுவனமான என்வாயின் விமானிகள் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நிராகரித்தபோது, அப்படியானால் உங்கள் நிறுவனம் சுருங்கும் என்று பதில் வந்தது. ரம்பத்தை இரு பக்கமும் இழுத்து ஒரே மரத்தை அறுக்கும் வேலை.

ஊழியர்களுக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள்?

64 நாட்கள். பெருமளவில் ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மூடுவதற்கு அரசின் அனுமதி எதுவும் தேவையில்லை.

வேலை இழந்தவர்கள் என்ன ஆனார்கள்?

எல்லோருக்கும் ஒரே விதமாக அமையவில்லை. மெக்கானிக்கின் உரிமம் எங்கும் செல்லும், விமானத்துக்கு வெளியேயும் அந்தக் கைக்கு வேலை உண்டு. பணிப்பெண்களுக்குக் கடினம். சின்சினாட்டியில் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, புதிய வேலை வேறு நகரத்தில், வரிசையின் கடைசியில்.

இளம் விமானிகளுக்குக் காலம் சீக்கிரமே மாறியது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர் அருகே கோல்கன் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் வட்டார விமானிகளின் சொற்பச் சம்பளமும் களைப்பும் ஊருக்கே தெரிந்தன. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தால் 2013 ஆகஸ்டிலிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் தேவை என்றானது. ஆள் கிடைக்கவில்லை. 2022-இல் அமெரிக்கனின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. காம்ஏர் விமானிகள் 89 நாட்கள் தெருவில் நின்று கேட்டதைவிட அதிகம் அது, கேட்காமலே வந்தது. ஐம்பது வயதில் மறுபடி முதல் படியில் ஏறியவர்களுக்கு அதனால் பெரிய ஆறுதல் இருந்திருக்காது.

காம்ஏரின் முனையம் இப்போது என்ன ஆயிற்று?

2009 தொடக்கத்தில் பூட்டினார்கள், 2016-இல் இடித்தார்கள். அதே விமான நிலையத்தின் தெற்கே 2021-இல் அமேசான் தன் சரக்கு விமானத் தளத்தைத் திறந்தது. இரவில் அங்கே இறங்கும் விமானங்களின் பக்கவாட்டில் பிரைம் ஏர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். விமானியின் அடையாள அட்டையில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும்.